பாலாற்றங்கரை வழக்கு

வட தமிழ்நாட்டில் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பு அது. சாமையும் தினையும் விளையும் சரிவுகளும், புளியும் கடுக்காயும் காய்க்கும் காடுகளும், ஒரு காலத்தில் சந்தன மணம் கமழ்ந்த சோலைகளும் அம்மலையின் செல்வம். அவற்றினும் பெருஞ்செல்வம் அங்குப் பிறக்கும் நீரே ஆகும். செய்யாறு அம்மலையில் தோன்றி, நெடுந்தொலைவு நடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. கமண்டல நாகநதி ஆரணிப் பக்கத்தை வளப்படுத்திச் செய்யாற்றை அடைகிறது. வடபுறச் சரிவில் இறங்கும் உத்தர காவேரி ஒடுகத்தூர் வழியே சென்று பாலாற்றைச் சேர்கிறது. பெயர் பெற்ற இவ்வாறுகளேயன்றிப் பெயரறியாத ஓடைகள் பலவும் மழைக்காலத்தில் மலையினின்று இறங்கிப் பாலாற்றுச் சமவெளியில் மறைகின்றன.

பாலாறு கருநாடகத்தில் நந்தி மலையருகே பிறப்பது. அந்நாட்டில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடிய பின்னர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் நடந்து, வயலூர் அருகே கடலைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அதனைக் காண்போர்க்கு அஃது ஆறாகவே தோன்றாது, மணற்பரப்பாகவே தோன்றும். ஆனால் அம்மணலுக்கு அடியில் நீர் உண்டு. முன்னோர் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி வயல்களுக்கு நீர் கொண்டு சென்றனர். கரையோரத்தில் கிணறு தோண்டி, கமலை ஏற்றமும் பின்னர் மின்பொறியும் வைத்து நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தனர். வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்கள் பருகிய நீரும் அதுவே. கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஆறு ஆதலின், அதற்கு நேர்ந்த கேடும் நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது.

அக்கேடு தோல் தொழிலால் வந்தது. தோல் பதனிடுதல் பாலாற்றங்கரைக்குப் புதியதன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு நடந்துவரும் தொழில் அது. பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டொரு நாளில் அழுகிப்போகும். அதனை அழுகாமல் காத்து, மென்மையும் உறுதியும் உடையதாக மாற்றுவதற்குத் துவர்ப்புச் சத்து வேண்டும். ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, கடுக்காய் ஆகியவற்றில் அச்சத்து மிகுதியாக உண்டு. ஜவ்வாது மலையின் பழங்குடி மக்கள் திரட்டிய கடுக்காய் மலையடிவாரத்துச் சந்தைகளுக்கு வந்து, அங்கிருந்து தோல் தொட்டிகளைச் சென்றடைந்தது. மலைக்கும் தோல் தொழிலுக்கும் அக்காலத்தே இருந்த உறவு இது. பட்டைச்சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பழுப்பு நிறம் பெற்ற தோல் சென்னைத் துறைமுகம் வழியாக மேல்நாடுகளுக்குச் சென்றது. அம்முறையிலும் நாற்றம் உண்டு, கழிவும் உண்டு. அதனைக் குற்றமற்ற பொற்காலம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் தொட்டிகள் சிலவாகவும் வேலை மெதுவாகவும் இருந்தமையால், நிலம் அக்கழிவை ஓரளவு தாங்கிக்கொண்டது.

1970களில் நிலை மாறிற்று. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அயல்நாட்டுக்கு விற்பதைவிட, முழுதும் பதனிட்ட தோலையும் காலணிகளையும் விற்றால் நாட்டுக்கு மிகுந்த வருவாய் கிட்டும் என்று நடுவண் அரசு கருதியது. பதனிடாத தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. தோல் தொழிற்சாலைகள் பெருகின. பட்டைச்சாற்றின் இடத்தைக் குரோமிய உப்பு பிடித்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை இப்பொழுது சில நாட்களில் முடிந்தது. கொள்கை வகுத்தோர் வருவாயைக் கணக்கிட்டனர்; கழிவுநீர் எங்குச் செல்லும் என்பதை எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

தொழிற்சாலையில் நடப்பதை அறிந்தாலன்றிக் கேட்டின் இயல்பு விளங்காது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கெடாதிருக்கும் பொருட்டுக் கறியுப்பு பூசப்பெற்றே ஆலைக்கு வருகின்றன. முதலில் அவற்றை நீரில் ஊறவைத்து உப்பைப் போக்குவர். பின்னர், மயிரை நீக்குவதற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் இடுவர். ஒட்டிய தசையைச் சீவி எறிந்தபின், மீண்டும் உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பர். அதன் பின்னரே குரோமியம் ஏறும். அதன்மேல் சாயமும் எண்ணெயும் ஏறும். இவ்வாறு பயன்படும் வேதிப்பொருள்கள் ஏறத்தாழ 170 வகைப்படும் என்றும், ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகின்றது என்றும் பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முன் கூறப்பட்டது. அந்நீர் முழுவதும் மீண்டும் வெளியே வந்தாக வேண்டும். அது வாய்க்காலிலும் ஏரியிலும் திறந்த வெளியிலும் விடப்பட்டு, மணலில் இறங்கி, ஆற்றின் அடிநீரோடு கலந்தது. குரோமியத்தின் பெயரே யாவரும் அறிந்த பெயர் ஆயினும், உழவரை முதலில் வீழ்த்தியது எளிய கறியுப்பே. ஆலையில் கழிவைத் தூய்மை செய்யும்போது சேற்றையும் குரோமியத்தையும் படியவைத்து நீக்கலாம். கரைந்த உப்போ நீரோடு கலந்து எங்கும் செல்லும். நிலத்தில் ஒருமுறை ஏறிய உப்பு எளிதில் இறங்குவதில்லை.

வயலில் வெண்மையாக ஒரு படிவு தோன்றியது. நெற்பயிர் வளர்ந்தும் மணி பிடிக்கவில்லை. தென்னங்குரும்பைகள் உதிர்ந்தன, காய்த்தவையும் சிறுத்தன. கிணற்று நீர் முதலில் சற்றுக் கரித்தது, பின்னர்ப் பருக இயலாததாயிற்று, இறுதியில் பழுப்பு நிறமே பெற்றது. பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தனர். வீட்டுக் கொல்லையிலேயே கிணறு இருக்க, குடிநீரை விலை கொடுத்து வாங்கும் நிலை ஏற்பட்டது. வேலூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் ஆய்ந்து, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்று தெரிவித்தது. ஏக்கர்க் கணக்கில் கூறின், அது 86,000 ஏக்கருக்கும் மேற்படும்.

நாட்டில் சட்டம் இல்லாமற் போகவில்லை. நீர் மாசுபடுதலைத் தடுக்கும் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. போபால் நச்சுவாயுக் கொடுமைக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆறுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் மிகு மாசு விளைக்கும் ஆலைகள் கூடா என்று தமிழ்நாடு அரசு 1989 மார்ச்சு 30ஆம் நாள் ஆணையும் பிறப்பித்தது. கழிவு நீரைத் தூய்மை செய்யும் நிலையங்களை 1985 சூலை 31க்குள் அமைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு தோல் தொழிற்சாலைகளுக்கு முன்பே தவணை கொடுத்திருந்தது. தவணை கடந்து ஆண்டுகள் ஆறு சென்றன. 1992 தொடக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீதிமன்றத்தில் கூறிய கணக்கு இது: வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருந்த தோல் தொழிற்சாலைகள் 584, அவற்றுள் தூய்மை நிலையம் அமைத்தவை 33. சட்டம் ஏட்டில் எழுதப்பெற்ற அளவிலேயே நின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இந்நிலையில்தான் வேலூரில் குடிமக்கள் சிலர் கூடினர். தம் அமைப்பிற்கு 'வேலூர் குடிமக்கள் நலப் பேரவை' என்று பெயரிட்டனர். பொருள் வலிமையோ ஆட்சி வலிமையோ அவர்களிடம் இல்லை. எதிரே நின்ற தொழிலோ, நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தமிழ்நாட்டிலிருந்து அனுப்பிய பெருந்தொழில். அந்நியச் செலாவணி ஈட்டியது. பல்லாயிரவர்க்குக் கூலி கொடுத்தது. அக்கூலியை மறந்து இவ்வழக்கை எண்ணிப் பார்த்தல் இயலாது. நீர் கெட்டதென்று வருந்திய வீட்டிலேயே, தோல் தொட்டியில் இறங்கி உழைத்தவரும் இருந்தார். வயல் பாழானபின் உழவர் பலர்க்கு அதே ஆலையிலேதான் வேலை தேட வேண்டியிருந்தது. ஆலையை மூடினால் அடுப்பு எரியாது. திறந்து விட்டால் குடிக்க நீர் கிடையாது. இந்த இருதலைக் கொள்ளியின் நடுவே நின்று பேசுவது எளிதன்று. ஆலைகளே வேண்டா என்று பேரவை கூறவில்லை. கழிவைத் தூய்மை செய்யாமல் விடுதல் கூடாது என்றே கூறியது.

இத்தகைய வழக்கில் இடர்ப்பாடு ஒன்று உண்டு. ஒருவன் மற்றொருவன் வேலியை வெட்டினால் வெட்டியவன் யார் எனக் காட்டலாம். ஆறு கெட்டது என்றால் கெடுத்தவன் யார்? 'என் ஆலைக் கழிவு அன்று, அடுத்த ஆலைக் கழிவு' என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். 'மழை பொய்த்தமையால் நீர் கரித்தது' என்றும் சொல்லலாம். உப்பு நீருக்கு முத்திரை இல்லை. ஆகவே கிணறு கிணறாகச் சென்று நீரை எடுத்து ஆய்ந்து, இன்ன ஊரில் இன்ன அளவு என்று எழுதிவைத்தாலன்றி நீதிமன்றம் ஏறிப் பயனில்லை. திண்டுக்கல் பக்கத்திலும் இதே தோல் தொழிலால் இதே துன்பம் இருந்தது. அங்கு ஒரு தொண்டு நிறுவனத்தார் 13 ஊர்களில் 467 கிணறுகளை ஆய்ந்து, அவற்றுள் 350 கிணறுகள் மாசுபட்டுவிட்டன எனக் கண்டனர். நான்கில் மூன்று பங்கு கிணறுகள்! மேடைப் பேச்சுகள் பலவற்றால் ஆகாததை இத்தகைய ஒரு கணக்கு செய்துவிடும்.

1991ஆம் ஆண்டு பேரவை உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. அம்மனுவின் எண் 914. எம். சி. மேத்தா என்னும் வழக்குரைஞர் நீதிமன்றத்திற்குத் துணை நின்றார். கங்கைக் கரையில் கான்பூர்த் தோல் தொழிற்சாலைகளின் மீது வழக்காடி, 1987இல் வென்றவர் அவர். கூலியாளுக்குக் குறைந்த அளவுக் கூலி தர இயலாத ஆலை நடத்தல் கூடாது. அதுபோல, கழிவைத் தூய்மை செய்ய இயலாத ஆலையும் நடத்தல் கூடாது என்பது அக்கான்பூர் வழக்கில் நீதிமன்றம் கொண்ட கருத்து. வேலூர் வழக்கோ ஐந்து ஆண்டுகள் நடந்தது. இடைக்காலத்தில் நீதிமன்றம் தவணை மேல் தவணை கொடுத்தது. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்களை அனுப்பி ஆலைகளைப் பார்வையிடச் செய்தது. ஆணைக்குக் கட்டுப்படாத ஆலைகளை மூடவும் செய்தது.

இவ்விடத்தில் சப்பானிய நாட்டு மினமாட்டா என்னும் கடற்கரை ஊரை நினைத்தல் தகும். அங்கு ஒரு வேதிப்பொருள் ஆலை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. அக்கடல் மீனை உண்டவர் கைகால் நடுங்கினர், பேச்சிழந்தனர், இறந்தனர். 1956இல் நோய் வெளிப்பட்டது. 1959இல் ஆலையார், இரக்கப் பணம் என்று சிறு தொகையைக் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோருவதில்லை என்று நோயாளரிடம் உடன்பாடு எழுதி வாங்கினர். நோய்க்குக் காரணம் ஆலைக் கழிவே என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968இல்தான். 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் ஆலையாரே பொறுப்பாளர் என்று தீர்ப்பளித்தது. அந்த இரக்கப் பண உடன்பாடும் செல்லாதென்றது. இரக்கத்தாற் கொடுக்கும் பணம் வேறு; கடமையாற் கொடுக்கும் இழப்பீடு வேறு. பாலாற்றங்கரை மக்கள் கேட்டது இரண்டாவதை.

1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் குல்தீப் சிங், பைசான் உத்தீன், கி. வெங்கடசாமி ஆகிய மூவர் அடங்கிய ஆயம் அதனை வழங்கியது. தோல் தொழில் நாட்டுக்கு வருவாயும் மக்களுக்கு வேலையும் தருவதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆயினும், இயற்கையை அழிக்கவும் மக்கள் உடல்நலத்திற்கு ஊறு செய்யவும் அத்தொழிலுக்கு உரிமையில்லை என்றனர். நாட்டின் வளர்ச்சியும் இயற்கையின் காப்பும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. இரண்டும் ஒருங்கே நடத்தல் கூடும் என்பது அவர்கள் கொண்ட அடிப்படை. அதன்மேல் இரண்டு நெறிகளை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிறுவினர்.

முதலாவது முன்னெச்சரிக்கை நெறி. கேடு விளையும் என்று அஞ்சத் தக்க இடத்தில், முழு அறிவியற் சான்று கிட்டும்வரை காத்திருத்தல் கூடாது. அன்றியும், தன் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை ஆலை நடத்துவோனுடையது, தீங்குற்றவனுடையது அன்று. கிணறு கிணறாக அலைந்த மக்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கியிருக்கும். அதுவரை அவர்கள் தலையில் இருந்த சுமை ஆலையாரின் தலைக்கு மாறியது. இரண்டாவது, மாசுபடுத்தியவரே பொருள் தரவேண்டும் என்னும் நெறி. இந்நெறி 1972 முதல் மேலைநாடுகளின் பொருளாதார அமைப்பில் பேசப்பட்டது. 1992இல் ரியோ டி செனீரோ மாநாட்டிலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. துன்புற்ற மக்களுக்கு இழப்பீடு தருவதோடு கடமை தீர்ந்துவிடாது. கெட்ட நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் கெடுத்தவரையே சாரும் என்பது நீதிமன்றம் அதற்குத் தந்த விளக்கம்.

ஐந்து மாவட்டங்களில் இருந்த 900க்கும் மேற்பட்ட ஆலைகளுக்கு, ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. நவம்பர் 30க்குள் தனித்தோ கூட்டாகவோ தூய்மை நிலையம் அமைக்க வேண்டும் எனப்பட்டது. இத்தகைய வழக்குகளை உசாவுவதற்கெனச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'பசுமை ஆயம்' ஒன்று அமைக்கவும் வழி செய்யப்பட்டது. இழப்பை அளந்து இழப்பீடு வகுக்க ஓர் ஆணையம் அமைக்குமாறு நடுவண் அரசுக்கு ஆணை பிறந்தது.

ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகக் கொண்டு அவ்வாணையம் அமைந்தது. 2001 மார்ச்சு 7ஆம் நாள் அது தன் முடிவை வழங்கியது. துன்புற்றவர் 29,193 குடும்பத்தினர். பொருள் தரவேண்டிய ஆலைகள் 547. தொகை ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய். கேட்போர்க்கு இது பெருந்தொகையாகத் தோன்றும். மாணவர் கையில் எழுதுகோல் இருப்பின் வகுத்துப் பார்க்கலாம். ஒரு குடும்பத்திற்குச் சராசரியாக 9,187 ரூபாய் வரும். அது 1991 ஆகஸ்டு முதல் 1998 திசம்பர் வரையுள்ள ஏழு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு உரியது. திங்கள் கணக்கில் நூறு ரூபாயைச் சற்றே தாண்டும். விளையாத வயலுக்கும் பருகாத கிணற்றுக்கும் விலை அவ்வளவே.

அவ்வளவும் எளிதில் வந்து சேரவில்லை. ஆலையாரின் சங்கம் இழப்பீட்டை எதிர்த்து வழக்காடியது. தொகை போதாது, விடுபட்டோர் பலர் என்று மக்கள் பக்கமும் முறையிட்டது. 2009 ஆகஸ்டு 24ஆம் நாள் கூடுதல் இழப்பீட்டுக்கு மற்றோர் ஆணை பிறந்தது. 2010 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. வழக்கு மீண்டும் தில்லிக்குச் சென்றது. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு என்னும் அமைப்பு இப்பொழுது வழக்கை ஏந்தி நின்றது. வழக்குத் தொடங்கிய நாளில் ஒரே மாவட்டமாக இருந்த பகுதி, 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. வழக்கு மட்டும் பிரியாமலும் முடியாமலும் நடந்தது.

இதற்கிடையே நன்மை ஒன்றும் நிகழவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, விசாரம், இராணிப்பேட்டை முதலிய இடங்களில் ஆலைகள் ஒன்றுகூடிப் பொதுத் தூய்மை நிலையங்களை அமைத்தன. பிற்காலத்தில், ஒரு துளிக் கழிவுநீரும் வெளியே செல்லாவண்ணம் நுண்சவ்வுகளின் வழியே நீரை வடித்து, எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி வற்றச் செய்யும் முறையும் வந்தது. வடித்த நீர் மீண்டும் ஆலைக்குப் பயன்பட்டது. ஆனால் வற்றிய உப்பு எங்கே போகும்? வேதிப்பொருள் கலந்த அவ்வுப்பை உண்ணவும் இயலாது, வயலில் இடவும் இயலாது. அது மூட்டை மூட்டையாகக் குவிந்தது. இராணிப்பேட்டையில், பிற்பாடு மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற நச்சுக் கழிவு மலைபோல் கிடந்தது. உலகில் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று அமெரிக்க நாட்டு நிறுவனம் ஒன்று 2006இல் வெளியிட்ட பட்டியலில் அவ்வூரின் பெயர் இடம்பெற்றது.

அவ்வூரிலேயே 2015 சனவரி 31ஆம் நாள் விடியுமுன் ஒரு கொடுமை நிகழ்ந்தது. பொதுத் தூய்மை நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு அடுத்திருந்த தோல் ஆலைக்குள் பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களுள் பத்துப்பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பிழைப்பை நாடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நீரைத் தூய்மை செய்ய வேண்டுமென்று நீதிமன்றம் பணித்தது. அதற்கென எழுந்த நிலையமே அதன் காவலில் குறையிருந்தமையால் உயிர்களைக் கவர்ந்தது. ஆலைக் கழிவினால் துன்புறுவோர் உழவர் மட்டுமல்லர் என்பதை ஊரார் அன்று நேரிற் கண்டனர்.

2025 சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் இவ்வழக்கில் தீர்ப்பளித்தனர். 2001, 2009 ஆகிய ஆண்டுகளின் ஆணைப்படி இழப்பீடு பெறாதிருக்கும் குடும்பங்களுக்கு மாநில அரசே ஆறு வாரங்களுக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். பின்னர் அதனை ஆலைகளிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்றனர். ஆலையார் கொடுக்கும்வரை ஏழைகள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் கருத்து. கேடு நீங்கி நிலமும் நீரும் பழைய நிலையை அடையும்வரை இழப்பீடு கொடுக்கும் கடமையும் நீங்காது என்றனர். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு ஒன்றை நான்கு வாரங்களுக்குள் அமைத்து, ஆற்றையும் நிலத்தையும் ஆராய்ந்து சீர் செய்யும் வழி காணவும் பணித்தனர். பேரவை மனுக் கொடுத்த 1991இல் பிறந்த குழந்தைக்கு அத்தீர்ப்பு வந்தபோது அகவை முப்பத்து மூன்று கடந்திருக்கும்.

அவ்வழக்கின் பெயர் இந்திய நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் வழங்காத இடமில்லை. சுற்றுச்சூழல் சட்டம் பயில்வோர் முதலிற் படிக்கும் தீர்ப்புகளுள் அதுவும் ஒன்று. மாசுபட்ட ஆற்றையோ ஏரியையோ பற்றி வழக்காடும் எந்த மாநிலத்தாரும் அதனை எடுத்துக்காட்டுகின்றனர். மழைக்காலத்தில் ஜவ்வாது மலையின் ஓடைகள் முன்போலவே தெளிந்த நீரோடு இறங்கிப் பாலாற்று மணலில் மறைகின்றன. அப்பாடம் பிறந்த கிணறுகள் அம்மலையின் அடிவாரத்து ஊர்களில் இன்னும் உள்ளன. அவற்றிற் பலவற்றின் நீரை இன்னும் எவரும் பருகுவதில்லை.